பேரனுக்காகக் கழுவிய தொட்டி

அன்பு மகள் மிச்சியோவுக்கு,

அம்மா எழுதறேன். சப்போரோ பனியில நீயும் மாப்பிள்ளையும் குட்டி நாவோகியும் சளி, இருமல் அண்டாம இருக்கணும். நாங்களும் நல்லாத்தான் இருக்கோம், ஆனா உன்கிட்ட ஒண்ணு சொல்லணும், பதறாமப் படி.

புதுவருஷத்துக்கு நீங்க வரீங்கன்னு அப்பா வீட்டையே தலைகீழாக்கிக் கழுவினார். பேரன் குளிக்க இறங்கற தொட்டி பளபளன்னு இருக்கணும்னு பூஞ்சைக்கு பிளீச்சை ஊத்தி, கறை போகலைன்னு அதுமேலயே கழிப்பறை ஆசிடையும் ஊத்திட்டார். சமையலறை வரைக்கும் குளோரின் நெடி. நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் போய் சட்டையைப் பிடிச்சு அவரை வெளியில இழுத்துப் போட்டேன், பக்கத்து வீட்டு மொரிதா ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

ஆஸ்பத்திரியில பார்த்துட்டு நெஞ்சுக்கு ஆபத்தில்லைன்னுட்டாங்க. ஆனா பூமிக்கடியில இருந்து உப்புத்தண்ணி இறைச்சு, குளோரின் விட்டு அயோடின் பிரிக்கிற ஆலையிலயே தலை நரைச்ச மனுஷன் இல்லையா உங்கப்பா, எல்லாம் தெரிஞ்சும் ஏன் கலந்தீங்கன்னு டாக்டர் கேட்டா, நான் எதையும் கலக்கலையேன்னு சாதிச்சார். அதுல சந்தேகப்பட்டுத்தான் தலையை ஸ்கேன் எடுத்தாங்க. படம் தெளிவா விழ ஊசியில ஏத்தற மருந்துல அயோடின் இருக்குன்னு நர்ஸ் சொன்னதும், நான் இறைச்சதை எனக்கே ஏத்திக் காசும் வாங்குவீங்களான்னு கேட்டாரே பாரு, அவ சிரிச்சா, எனக்குச் சிரிப்பு வரலை. கட்டி, கசிவு எதுவும் இல்லை. அப்புறம் வேற சோதனையெல்லாம் செஞ்சுட்டு, மறதி நோய் ஆரம்பிச்சிருக்கு, மாத்திரையால அது முத்தறதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம்னாங்க.

வீட்டுக்கு வந்ததும் பிளீச், ஆசிட் பாட்டிலையெல்லாம் ஒளிச்சு வச்சேன். எனக்கே குளோரின் பாடமான்னு கத்தினார், நானும் பதிலுக்குக் கத்தினேன். நேத்து அவரே சிங்க் அடியில கிடந்த மிச்ச பாட்டிலைக் கொண்டுவந்து என் முன்னாடி வச்சு, இதெல்லாம் இனி உன் பாடு, பேரனைக் குளிப்பாட்டறது என் பாடு, ஆனா நீ கதவோரமா நின்னுக்கோ, தண்ணி சூடு பார்க்க நான் மறந்தாலும் மறப்பேன்னு சொல்லிட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டார். என் கோபமெல்லாம் அங்கேயே கரைஞ்சுபோச்சுடி.

நீயும் அங்க ஆசிடையும் பிளீச்சையும் சேர்க்காதே, ஜன்னலைத் திறந்துவச்சுக் கழுவு. இங்க வந்து இன்னிக்கு என்ன கிழமைன்னு அவரைச் சோதிக்காதே, அனுதாபமாப் பார்க்கவும் செய்யாதே. மூணு பேரும் நோய்நொடி இல்லாம நிறைஞ்சு வாழணும். வாசல்ல செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடி குழந்தையை அவர் கையில கொடுத்துடு.

உன் அம்மா,
சிஸுகோ
மொபாரா