குடித்தனக்காரனின் ஓட்டு

இன்று காலை காலனி சங்க அறைக்குள் நுழைந்ததும் போண்டா வாசனை வந்தது. உடனே உன் ஞாபகம். "அந்தக் காலத்து இங்கிலாந்துல எலெக்‌ஷனுக்கு பீர், நம்ம காலனில போண்டா. ரெண்டும் ஒண்ணுதான்டா" என்று ஒவ்வொரு பொதுக்குழுவிலும் சொல்லிவிட்டு, வெட்கமில்லாமல் இன்னொரு போண்டாவை எடுப்பாய். இன்றைக்கு உன் தலைவர் நாற்காலிக்குத்தான் தேர்தல். நீ போன பிறகு நடக்கும் முதல் தேர்தல்.

தாம்பரத்தில் ஒரே கல்லூரியில் வேலை பார்த்தோம். நீ சரித்திரம், நான் வேதியியல். மாலையில் பெருங்களத்தூருக்கு ரயிலில் திரும்பும்போது, பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்து இங்கிலாந்து உன் வாயில் படாத பாடு படும். சில பெரிய குடும்பங்கள் பாராளுமன்ற இடங்களைத் தங்கள் கைக்குள் வைத்திருந்ததை, அப்பனுக்குப் பின் பிள்ளை, பிள்ளை இல்லையென்றால் மைத்துனன் என்று உட்கார்ந்ததைச் சொல்லச் சொல்ல உனக்கு முகம் சிவக்கும். பிறகு சீர்திருத்தம் வந்ததே என்பேன்.

"வந்துது. குத்தகைக்காரனுக்கும் ஓட்டு குடுத்தான். யாருக்கு சந்தோஷம் தெரியுமா? நிலத்துக்குச் சொந்தக்காரனுக்கு! யாருக்கு ஓட்டுன்னு எல்லார் எதிர்லயும் வாய்விட்டுச் சொல்லணும். எவன் எதுத்துச் சொல்லுவான்?"

ஓய்வுபெற்ற பிறகு உன் வீட்டு மாடிக்கே குடித்தனம் வந்தேன். சங்கத் தலைவரானதும் நீ செய்த முதல் வேலை, வாடகைக்கு இருப்பவர்களுக்கும் ஓட்டு என்றது. எவ்வளவு பெருமைப்பட்டேன்! ஆனால் பெட்டி வைத்து ஓட்டுப் போடலாமே என்று யாரோ கேட்டபோது சிரித்தாய். "பெட்டி எதுக்கு சார்? எல்லாம் நம்ம மனுஷங்க. கையைத் தூக்கினா போதும்." இங்கிலாந்தைக் கரைத்துக் குடித்த உனக்கு, உன் தெரு மட்டும் எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று?

இன்று ஒருவர் எழுந்து உன் மகன் பெயரைச் சொன்னார். "சார் உக்காந்த சீட்டு, பையன்தானே வரணும்? போட்டியெல்லாம் வேணாம். சரின்றவங்க கை தூக்குங்க." மளமளவென்று கைகள் உயர்ந்தன. உன் மகன் கெட்டவன் இல்லை. ஆனால் மழையில் தெரு முழுகியபோது எட்டிக்கூடப் பார்க்காதவன். இப்போது எனக்கு வீட்டு ஓனரும் அவன்தான். அடுத்த மாதம் வாடகை ஒப்பந்தம் முடிகிறது. படுத்த படுக்கையாக இருக்கும் மனைவியை வைத்துக்கொண்டு, இந்த வயதில் வீடு தேடி எங்கே அலைவேன்? பயமாகத்தான் இருந்தது. பயந்துகொண்டேதான் கையை மடியிலேயே வைத்திருந்தேன்.

"அங்கிள், உங்களுக்கு ஓகேதானே?" எல்லார் எதிரிலும் கேட்டான்.

"பெட்டி வச்சு நடத்துங்கப்பா. அப்ப சொல்றேன்" என்றேன். யாரும் என் பக்கம் திரும்பவில்லை. ஏகமனதாகத் தேர்வு என்று அறிவித்துக் கை தட்டினார்கள்.

வாசலில் உன் மனைவி என்னை நிறுத்தினாள். கண் கலங்கியிருந்தது. "அவர் இருந்திருந்தா, பெத்த பிள்ளைக்குக் கை தூக்கியிருக்க மாட்டாராண்ணா?"

மாட்டான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. ரயிலில் கேட்டுக் கேட்டு என்னுடையதாகவே ஆகிவிட்ட உன் கோபம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. வீடே போனாலும் அதை விடமாட்டேன். அது கடைசிவரை உன்னிடம் இருந்ததா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.