சனிக்கிழமைச் சண்டை

எங்கள் வீட்டுக்குள் பயப்படாமல் வந்த எஸ்தர் அக்கா,

நீங்கள் போய்விட்ட செய்தி சென்னைக்குத் தபால் கார்டில் வந்தது. அப்பா எழுதியிருந்தார். காமாலை என்று ஒரு வார்த்தை. கார்டின் ஓரம் கருகியிருந்தது. மீதியை அதில் படித்துக்கொண்டேன்.

உங்களை எதுவும் உடைக்காது என்று வேலூர் முழுக்கச் சொன்னார்கள். ஆம்பூர் ரோட்டில் பிரேக் பிடிக்காத லாரியை ஒரு கையால் நிறுத்தினீர்கள். பாலாற்று வெள்ளத்தின் மேல் பறந்து ஆட்களைத் தூக்கி வந்தீர்கள். காமாலைக்கு எப்படி வழி விட்டீர்கள்? லாரி வெளியிலிருந்து வருகிறது, காமாலை உள்ளிருந்து வருகிறது என்பதாலா? யாரிடம் கேட்பது.

இதைப் படிக்கிறவர்களுக்காக எங்கள் வீட்டைக் கொஞ்சம் சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் தொட்டி வேலை. அம்மா, நான், தம்பி பீட்டர். கோபம் வந்தால் எங்கள் நால்வருக்கும் கை கொதிக்கும். தொட்டது கருகும். பள்ளி பெஞ்சில் என் ஐந்து விரல்களும் பதிந்திருந்தன. ஒருநாள் அப்பா பீட்டரைக் கண்டிக்கும்போது தோளைப் பிடித்துவிட்டார். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு சட்டம். யாரும் கோபப்படக் கூடாது. யாரும் யாரையும் தொடக் கூடாது. சோற்றுத் தட்டைக்கூடத் தரையில் வைத்துத் தள்ளினோம். அப்படியும் மாதம் ஒருமுறை ஏதாவது எரிந்தது. கடைசியில் கூரை. தெருக்காரர்கள் மனுக் கொடுத்தார்கள். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் என்னையும் பீட்டரையும் பிரித்து, ஆளுக்கொரு விடுதியில் விடுவதென்று மனுவை விசாரிக்க வந்த அதிகாரி சொல்லிவிட்டுப் போனார்.

எமர்ஜென்சி முடிந்த வருஷம். ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலம். வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலையில் இருந்த உங்களை வேலூர் ஆஸ்பத்திரி எங்களிடம் அனுப்பியது. பறக்கத் தெரிந்த நீங்கள் வேலூர் பஸ்ஸிலிருந்து குடையோடு இறங்கினீர்கள். பீட்டருக்கு ஏமாற்றம். ஏன் பறக்கவில்லை என்று கேட்டே விட்டான்.

"பறந்து வந்தா யார்டா கதவத் தொறப்பாங்க? பஸ்ல வந்தா தண்ணியாவது குடுப்பாங்க."

அம்மா தண்ணீர்ச் சொம்பைத் தரையில் வைத்துத் தள்ளினாள். நீங்கள் அதைப் பார்த்தீர்கள். குனிந்து எடுத்துக் குடித்தீர்கள்.

அதுவரை வந்தவர்கள் எல்லோரும் நெருப்பை அணைப்பதைப் பற்றியே பேசினார்கள். ஜெபம், மாத்திரை, ஈரத் துணி. நீங்கள் கேட்டது வேறு. சூடு எங்கே தொடங்குகிறது, நெஞ்சிலா, முழங்கையிலா? எரிவதற்கு முந்தின நாள் எதைச் சொல்லாமல் விட்டீர்கள்? எங்களைப் பயந்து பார்த்திருக்கிறார்கள், பாவம் என்று பார்த்திருக்கிறார்கள். தெரிந்துகொள்ளும் ஆசையோடு யாரும் பார்த்ததில்லை.

அடுத்த முறை அப்பாவின் வேலையைக் கேட்டீர்கள். அவருக்குப் பிடித்த பேச்சு. புதுத் தோலை எடுத்த எடுப்பிலேயே மரப்பட்டை ஊறிய காரத் தண்ணீரில் போடக் கூடாது, மேலே மட்டும் விறைத்துக்கொள்ளும், உள்ளே பச்சையாகவே நிற்கும் என்றார். முதலில் பழைய, நீர்த்துப்போன தண்ணீர். பிறகு கொஞ்சம் காரம். அப்புறம் இன்னும் கொஞ்சம்.

"வூட்ல மட்டும் ஏன் அண்ணே மாத்திப் போடுறீங்க?" என்றீர்கள். "மாசம் பூரா ஒண்ணுமே கெடையாது. அப்பறம் ஒரேயடியா காரத் தொட்டி."

அப்பா பட்டைக் கறை படிந்த தன் கைகளைப் பார்த்தார். "தொட்டி வேலைக்காரன், நானே இப்டிப் பண்ணிட்டனே மேடம்" என்றார்.

அப்படித்தான் சனிக்கிழமைச் சண்டை தொடங்கியது. சின்னச் சண்டை மட்டும். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு. குழம்பில் உப்பு ஜாஸ்தி. ரேடியோவை யார் திருப்பியது. அம்மாவுக்கு முதலில் கோபமே வரவில்லை, சிரித்துக்கொண்டேயிருந்தாள். பிறகு ஒரு வாரம், கல்யாணத்தன்று அப்பா தோஸ்துகளோடு ஊர் சுற்றப் போனதை எடுத்தாள். உங்கள் முந்தானை பற்றிக்கொண்டது. "இது பெரிய தொட்டி அண்ணி, அடுத்த மாசம் வெச்சுக்கலாம்" என்று தட்டி அணைத்தீர்கள்.

பிறகு எங்கள் கைகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தீர்கள். நடுவில் உங்கள் உள்ளங்கை. வாராவாரம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டீர்கள்.

பள்ளி திறக்கும் முன் அதிகாரி வந்தார். வாசலைத் தாண்டவில்லை. அன்று பார்த்து பீட்டர், அப்பாவின் புதுச் செருப்பைத் தெருக் கிணற்றில் போட்டிருந்தான். அப்பாவின் முகம் மாறியது. உங்களைத் தேடினார். நீங்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டீர்கள்.

அப்பா பீட்டரின் கையைப் பிடித்தார்.

"இன்னாத்துக்குடா கெணத்துல போட்ட?"

"நீ என்னிய வுட்டுட்டு சினிமாக்குப் போன."

"அதுக்கு செருப்பு இன்னாடா பண்ணுச்சு?"

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். சுடுகிறதா என்று அதிகாரி வாசலிலிருந்தே பீட்டரைக் கேட்டார்.

"டீ கிளாஸ் மாதிரி இருக்குது சார்" என்றான். கையை எடுக்கவில்லை. அப்பாவும் விடவில்லை.

அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். அம்மா தண்ணீர் கொடுத்தாள். கையில்.

பீட்டர் இப்போது குடியாத்தத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். ஈயம் உருக்க அவனுக்கு விரல் போதும். அம்மாவும் அப்பாவும் சனிக்கிழமைகளை விடவில்லை. கல்யாணத்தன்று நடந்தது இன்னும் தீரவில்லை.

ஒருமுறை உங்களிடம் கேட்டேன், எங்கள் கை உங்களுக்குச் சுடுமா என்று. "உனக்கு இன்னா தோணுது?" என்றீர்கள். சுடாது என்றுதான் தோன்றியது. நீங்கள் போன பிறகு அப்படித் தோன்றவில்லை. பதில் எதுவாக இருந்தாலும் அடுத்த சனிக்கிழமை வந்திருப்பீர்கள், இல்லையா?

எனக்கும் உங்கள் வேலைதான் கிடைத்திருக்கிறது. எனக்குப் பறக்கத் தெரியாது. லாரி என்னை உடைக்கும். நாளை காவேரிப்பாக்கத்தில் ஒரு வீடு. அங்கே ஒரு பெண் அழுதால் ஏரித் தண்ணீர் கரையேறுகிறதாம். எல்லோரும் அவளிடம் அழாதே என்று மட்டும் சொல்கிறார்களாம்.

நான் சொல்ல மாட்டேன், அக்கா. பஸ்ஸில் போவேன். கொடுக்கிற தண்ணீரைக் குடிப்பேன். அழுகை எங்கே தொடங்குகிறது என்று கேட்பேன். பிறகு அவளோடு கரையில் நின்று கொஞ்சமாக அழச் சொல்வேன், எங்கள் இருவருக்கும் கணுக்கால் நனைகிற அளவுக்கு.

உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கத்தக் கற்ற தங்கை,
சாந்தி