லாரியிலிருந்து இறக்காத ஒன்று

மார்ச் 3

இரும்பு லாரி ஒன்று நுழைந்ததும், கேட்டில் கதிர்வீச்சைக் கண்டுபிடிக்கும் மெஷின் அலறியது. பழைய இரும்போடு கதிரியக்கப் பொருள் ஏதாவது உலைக்குள் போய் உருகினால் ஆலையையே இழுத்து மூட வேண்டியதுதான். அதைத் தடுக்கத்தான் வேதியியல் படித்த எனக்கு இந்த வேலை. சேர்ந்து பத்தொன்பது நாள்.

பன்னிரண்டு டன்னையும் இறக்கச் சொல்லி, கையில் பிடிக்கும் கதிர்வீச்சு மானியை வைத்துத் துண்டு துண்டாகப் பார்த்தேன். ஒன்றுமில்லை. காலி லாரியைத் திரும்ப ஓட்டி வரச் சொன்னேன். அதற்கும் அலறல்.

மேனேஜர் சிரித்தார். "வெறும் வண்டிக்கே கத்துதும்மா. நாளைக்குக் கழட்டிடலாம். உங்களுக்கும் வேற எடம் பாத்துக்கலாம்."

வேற எடம் என்றால் வெளியே. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

மார்ச் 3, படுக்கும் முன்

"மெஷின்னா ரிப்பேர் ஆகத்தான செய்யும்?" என்கிறார் வீட்டுக்காரர். ரிப்பேர் என்றால் எல்லா வண்டிக்கும் கத்தணுமே? இன்னைக்கு வந்த மற்ற ஆறு லாரிக்கும் வாயே திறக்கலையே. இரும்பு இறங்கியது. தார்ப்பாய் இறங்கியது. இறங்காதது — அட, டிரைவர்.

மார்ச் 4

மெஷினைக் கழற்ற ஆள் வந்து நிற்கிறான். அதே லாரி வந்தது. "அண்ணே, இறங்கி நடந்து வாங்க."

அவருக்கு அலறியது. வேறொருவர் ஓட்டிவந்த லாரிக்குச் சத்தமே இல்லை.

"நான் எதையும் எடுக்கலம்மா," என்றார் பாவம்.

"ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?"

"முந்தாநாள் ஊசி போட்டு நெஞ்சைப் படம் எடுத்தாங்க."

ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கிப் பார்த்தேன்; ஊசியில் இருந்தது கதிரியக்கத் தாலியம். நிலையில்லாத அணுக்கள், சிதைந்து கதிர் விடும், மூன்று நாளைக்கு ஒருமுறை பாதியாகும் என்று விளக்கினேன்.

"அப்போ நானும் பாதியாயிடுவேனா?"

"நீங்க இல்லண்ணே, மருந்து மட்டும்."

ஸ்பேனரோடு வந்தவன் திரும்பிப் போனான். மேனேஜர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

மார்ச் 7

டிரைவரிடம் மானி காட்டிய அளவு, நாலாம் தேதி இருந்ததில் பாதிக்கும் கொஞ்சம் கீழே. அந்தக் கொஞ்சத்தை உடம்பே வெளியேற்றியிருக்கும். துள்ளிக் குதிக்காத குறை.

ஏப்ரல் 21

மறுபடி அலறல். மேனேஜரே ஓடிப்போய் டிரைவரை இறக்கி நடக்கவிட்டார். சத்தமில்லை. லாரிக்குத்தான் அலறல். எல்லாரையும் தூரப் போகச் சொல்லிவிட்டு மானியோடு நெருங்கினேன். குவியலின் அடியில் டம்ளர் அளவில், கதிரியக்கப் பொருளை அடைத்துவைக்கும் ஓர் ஈயக் குடுவை, மூடி நசுங்கியிருந்தது. அதிகாரிகள் வந்து பத்திரமாக எடுத்துப் போனார்கள்.

மதியம் ஃபோர்மேன் வந்து கேட்டார்: "உலையை ஆரம்பிக்கலாமா சார்?"

மேனேஜர் நிமிரவே இல்லை. "மேடத்தைக் கேளு."