கடைசி வாங்கு

சிவமயம்

நீர்வேலி
04.03.2024

அன்பின் ஜெயரூபனுக்கு,

நீரும் வீட்டாரும் சுகம் என்று நம்புகிறேன். இங்கே எனக்கும் சுகம்தான். வாழைகளுக்குத்தான் சுகமில்லை.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பீர். என்ன செய்ய? உமது தொலைபேசியை எப்போதும் கிளாக்கர் லெனாட்தான் எடுக்கிறார். எடுத்ததும், "ஐயா கோட்டிலை நிக்கிறார் அக்கா" என்கிறார். ஞாயிற்றுக்கிழமையும் நீதிமன்றத்தில் நிற்கிற ஒரே சட்டத்தரணி நீராகத்தான் இருக்கும்.

விசயம் உமக்குத் தெரியும். மறந்துவிட்டீரோ என்ற பயத்தில் திரும்ப எழுதுகிறேன். என்னைப் பெற்ற ஐயா எனக்குச் சீதனமாகத் தந்த தோட்டத்துக்கு, மச்சான் ஆழ்வாப்பிள்ளையின் வளவுக் கிணற்றில் பங்கும் வாய்க்கால் உரிமையும் உண்டு. அதை மச்சானும் மறுத்ததில்லை. ஆனாலும் போன ஆவணியில் இடையில் தகரவேலி அடித்து, பம்ப் கொட்டிலுக்கு ஆமைப்பூட்டும் போட்டுவிட்டார். வழக்குப் போட்டோம். மாரி மழை என் வாழைகளைக் காப்பாற்றியது. இனிக் கோடை. பவுசர் லொறியில் தண்ணீர் வாங்கி ஊற்றுகிறேன், அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

வழக்குக் கூப்பிடுகிற ஒவ்வொரு தவணைக்கும் வந்து கோட்டின் கடைசி வாங்குப் பலகையில் குந்தியிருக்கிறேன். முன்னுக்கு நீங்கள் எல்லாரும் குசுகுசுக்கிறீர்கள். எனக்கு ஒன்றும் காதில் கேட்பதில்லை. பிறகு லெனாட் வெளியே வந்து அடுத்த தவணையைச் சொல்கிறார், அவ்வளவுதான்.

உம்மை ஏன் பிடித்தேன் தெரியுமா? பள்ளிக்கூடப் பட்டிமன்றத்தில் நீர் எழும்பினால் அதிபராலும் இருத்த முடியாது. அந்த ஜெயரூபன் எங்கே போனார் என்று ஒரு வரி எழுதும்.

அன்புடன்,
உதயகலா


யாழ்ப்பாணம்
15.03.2024

அன்புள்ள உதயா,

உமது கடிதத்தை லெனாட்டுக்கு வாசித்துக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமைக் கதை வந்ததும் ஆள் தேத்தண்ணி எடுக்கப் போய்விட்டான்.

வழக்கு நன்றாகவே இருக்கிறது, யோசிக்க வேண்டாம். ஆனால் எதிர்ப்பக்கம் நிற்பவர் சிவகடாட்சம் ஐயா. உமக்கு அந்தப் பெயரின் பாரம் விளங்காது. நான் முதன்முதல் கறுப்புக் கோட்டுப் போட்ட அன்று கொலரை இழுத்துச் சரிசெய்துவிட்டவர் அவர்தான். தொழிலை அவரிடம்தான் படித்தேன். அவர் எழும்பினால் மண்டபமே அடங்கிவிடும். மற்றச் சட்டத்தரணிமார் எல்லாரும் தானாகவே கதிரையில் இருந்துவிடுவோம். யாரும் சொல்லி நாங்கள் இருப்பதில்லை. கோவிலில் திரை விலகும்போது கை கூப்புகிறோமே, அப்படி.

அவருக்கு முன்னால் எழும்புவதற்கு ஒரு நேரம் காலம் வர வேண்டும். பொறுத்தார் பூமி ஆள்வார்.

என்றும் உமது நண்பன்,
ஜெயரூபன்


சிவமயம்

நீர்வேலி
06.04.2024

ஜெயரூபனுக்கு,

பொறுத்தவள் பூமி ஆளட்டும். வாழை பொறுக்காது.

நேற்றுத் தவணையில் நடந்ததை என் கண்ணால் பார்த்தேன். கேட்கவில்லைத்தான், ஆனால் கண் இருக்கிறதே. நீர் ஃபைலைத் திறந்து எழும்பினீர். அந்தப் பெரியவரும் எழும்பினார். உடனே நீர் கதிரையில் இருந்துவிட்டீர். அவர் ஏதோ சொன்னார். நீர் தலையாட்டினீர். வெளியில் வந்து லெனாட்டைக் கேட்டால், "அடுத்த தவணை வரைக்கும் வேலி அப்பிடியே நிக்கட்டும் எண்டு ஐயா ஒத்துக்கொண்டவர்" என்கிறார். யாரைக் கேட்டு ஒத்துக்கொண்டீர்? பின்னால் திரும்பி என் முகத்தை ஒருதரம் பார்த்திருந்தால் போதுமே!

பக்கத்தில் அரியாலைப் பராசக்தி அக்கா இருந்தா. அவவும் உமது ஆள்தானாம், அவவின் வழக்கிலும் அதே பெரியவர்தான் எதிராம். என் கையைப் பிடித்து, "தங்கச்சி, எங்கடை லோயர் இப்ப என்ன சொன்னவர்?" என்று கேட்டா. எனக்கு அழுகை வந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை அக்கா என்று எப்படிச் சொல்வேன்?

நேரே கேட்கிறேன், நேரே பதில் எழுதும். உமக்கு அவரிடம் பயமா? பயம் என்றால் பிழையில்லை, எனக்கும் பயம்தான். ஆனால் அப்படியானால் இந்த வழக்கை நீர் வைத்திருப்பது பிழை. என்னைக் கேட்காமல் இனி ஒன்றுக்கும் தலையாட்ட வேண்டாம். நிலத்தோரத்து வரிசை முழுக்கக் குருத்துக் கருகிவிட்டது.

உதயகலா


நீர்வேலி
11.05.2024

கனம் சட்டத்தரணி ஜெயரூபன் அவர்களுக்கு,

என் போன மாதக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. இரண்டு முறை உங்கள் அலுவலகத்துக்கும் வந்தேன். உள்ளே உங்கள் இருமல் சத்தம் கேட்டது. லெனாட் வழமைபோல் கோட்டில் நிற்கிறீர்கள் என்றார். பாவம், அவரையும் பொய்யனாக்க வேண்டாம்.

சாவகச்சேரியில் நிவேதனா என்ற சட்டத்தரணியிடம் போனேன். நல்ல வழக்கு என்றா. தண்ணீருக்கு ஓர் இடைக்காலக் கட்டளை கேட்கலாமாம், நீதிபதியையே வந்து தோட்டத்தைப் பார்க்கச் சொல்லியும் கேட்கலாமாம். இவ்வளவு நாளும் ஒருவரும் கேட்கவில்லையாம். ஆனால் முந்தின சட்டத்தரணி விட்டுத் தராமல் வழக்கைத் தொடுவது மரியாதை இல்லையாம். உங்கள் தொழிலில் எத்தனை மரியாதைகள்! என் வாழைகளுக்கு மட்டும் ஒன்றுமில்லை.

ஆகையால் எனக்காக வழக்குப் பேச நான் எழுதித் தந்த பிறொக்சியை மீளப் பெறுகிறேன். இத்துடன் உள்ள தாளில் ஒப்பமிட்டு, என் ஃபைலையும் அனுப்பிவையுங்கள். நீங்கள் ஒப்பமிடாவிட்டால் நானே நீதிபதியிடம் எழுந்து கேட்பேன். எப்படிக் கேட்பது என்று தெரியாது, ஆனாலும் கேட்பேன்.

உங்களோடு ஒரே வகுப்பில் படித்தவள் இதை எழுத மிகவும் கஷ்டப்பட்டாள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வழக்காளி, உ. உதயகலா


யாழ்ப்பாணம்
13.06.2024

அன்புள்ள உதயா,

ஃபைலையும் ஒப்பத்தையும் லெனாட்டிடம் கொடுத்துவிட்டேன், கூட ஒரு வரி எழுதக்கூட முகமிருக்கவில்லை. இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

இன்று உமது தவணைக்கு வந்திருந்தேன். கறுப்புக் கோட்டுப் போடவில்லை. தூண் மறைவில் கடைசி வாங்கில் இருந்தேன், நீர் என்னைக் காணவில்லை. நீர் எழுதியது சரி. அங்கிருந்து ஒன்றும் கேட்காது. சனம் இவ்வளவு காலமும் வாய் அசைவதைப் பார்த்துத்தான் எங்களை நம்பியிருக்கிறது. எனக்கு அது தெரியாது.

நிவேதனா விண்ணப்பித்ததும் ஐயா எழும்பி இன்னொரு தவணை கேட்டார்; தொழில் பழக்கத்தில் வாயசைவிலேயே எனக்கு விளங்கியது. நீதிபதி அம்மா நிமிர்ந்து, குரலை உயர்த்தி, "வழக்காளி என்ன சொல்லுறா?" என்று கேட்டா. நீர் எழும்பினீர். தோட்டத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறவரைக் கூப்பிடுகிற குரல். கடைசி வாங்குக்கும் கேட்டது.

"அம்மா, தவணை தாங்கோ, நான் வருவன். வாழையாலை வரேலாது. அது நிண்ட இடத்திலை நிண்டு சாகுது. நீங்கள் ஒருக்கா வந்து பாருங்கோ."

"இவ்வளவு காலமும் உங்கடை பக்கத்தாலை ஏன் இதைக் கேக்கேல்லை?" என்றா நீதிபதி.

ஒரு சொல் நீர் சொல்லியிருந்தால் போதும், நான் இந்த ஊரில் தலை நிமிர்ந்து நடந்திருக்க மாட்டேன். சொல்வதற்கு உமக்கு உரிமையும் இருந்தது. நீர் சொன்னது, "கேக்கத் தெரியேல்லை அம்மா. இப்ப கேக்கிறன்."

அப்போது ஐயா எழும்பினார். வழக்கம்போல மண்டபம் அடங்கியது. சட்டத்தரணிமார் கதிரையில் இருந்தார்கள். நிவேதனாவும் இருந்துவிட்டா. கோட்டில்லாமல் பின்னால் இருந்த நானே வாங்கில் இன்னும் பதிந்தேன். நீர் மட்டும் நின்றீர். அவரைத் திரும்பிப் பார்த்து, "ஐயா, கொஞ்சம் இருங்கோ. நான் இன்னும் கதைச்சு முடிக்கேல்லை" என்றீர்.

அவர் இருந்தார், உதயா.

சிவகடாட்சம் ஐயா கதிரையில் இருந்தார். கோபிக்கவில்லை, முகம் சுளிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, உம்மைப் பார்த்தபடி இருந்தார். ஒரு மலை இருந்ததை நான் பார்த்தேன். என் வாழ்நாளில் அவரை ஒருவர் இருக்கச் சொல்லி நான் கேட்டதில்லை. சொன்னால் இருப்பார் என்று எனக்குத் தெரியாமலே போயிற்று.

நீதிபதி அம்மா தானே வருவதாகச் சொன்னதை நான் சரியாகக் கேட்கவில்லை. கண் கலங்கிவிட்டது. வெளியில் ஓடிவந்துவிட்டேன்.

நீர் கேட்டீர், பதில் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். ஓம், பயம்தான். அதை மரியாதை என்று எனக்கே சொல்லி வந்திருக்கிறேன்.

இனி எழும்புவேன் என்று நினைக்கிறேன். பிறொக்சியைத் திரும்ப எனக்குத் தருவீரா?

ஜெயரூபன்


சிவமயம்

நீர்வேலி
25.06.2024

அன்பின் ஜெயரூபனுக்கு,

நீர் வந்திருந்தீர் என்று தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் நடுங்கியிருப்பேன். அந்தப் பெரியவரை இருக்கச் சொன்னபோது, பராசக்தி அக்கா பின்னால் என் சேலையைப் பிடித்திருந்தா, அதனால்தான் விழவில்லை. நீர் என்னைப் பெரிதாக எழுதியிருக்கிறீர். அந்த இடத்தில் என் வாயைத் திறந்தது யார் என்று எனக்கே இன்னும் விளங்கவில்லை.

நேற்று நீதிபதி அம்மா வந்தா. பெரிய கார், பொலிஸ் எல்லாம் கார் நுழையாத எங்கள் ஒழுங்கை முகப்பிலேயே நின்றுவிட்டது. அவ குடையோடு நடந்து வந்து, கருகின வரிசையைப் பார்த்தா. காய்ந்த வாய்க்காலுக்குள் இறங்கி, அது தகரத்துக்குக் கீழால் போகிற இடத்தைக் குனிந்து பார்த்தா. பிறகு மச்சானைப் பார்த்து, "பூட்டுத் திறப்பு எங்கை?" என்றா. அவ்வளவுதான்.

பம்ப் இரைந்தது. முதலில் காற்று, பிறகு தண்ணீர். நான் பிறந்த நாளில் இருந்து பார்க்கிற தண்ணீர்தான், ஆனால் நேற்றுத்தான் பார்த்தேன். வெடித்த செம்மண்ணை நனைத்து நனைத்து, வாய்க்கால் நீளத்துக்கும் மெதுவாக வந்தது. சிவகடாட்சம் ஐயா காற்சட்டையை மடித்துவிட்டு வரம்பில் நின்றார், தண்ணீர் தன் காலைத் தொடும்வரை நகரவில்லை. மச்சானும் வேலியைப் பிடித்தபடி நின்றார். எனக்கு எல்லாரையும் கும்பிட வேணும் போல் இருந்தது, அவரையும்கூட. வழக்கு முடியும்வரை பூட்டுப் போடக்கூடாது என்று கட்டளை.

பிறொக்சி தரமாட்டேன். கோபம் இல்லை. நிவேதனா நன்றாகச் செய்கிறா, அந்தப் பிள்ளையை நடுவழியில் விட என் மனம் விடாது. வீட்டுக்கு வாரும், லெனாட்டையும் கூட்டிக்கொண்டு வாரும். முதற் கதலிக்குலை உமக்குத்தான்.

ஆனால் அதற்கு முதல் ஒரு வேலை இருக்கிறது. பராசக்தி அக்காவின் தவணை வரும் வியாழக்கிழமை. கடைசி வாங்கில் அவவுக்குப் பக்கத்தில் நானும் இருப்பேன். எதிரில் அதே ஐயாதான்.

எழும்பும்.

அன்புடன்,
உதயகலா