யாரைக் கூப்பிட்டீர்கள்

என் பிள்ளைகளின் அப்பாவுக்கு, வணக்கத்துடன் எழுதுவது.

நீங்கள் அனுப்பிய வீடியோவை டிவியில் போட்டபோது கூடத்தில் இருந்தவர்கள்: அத்தை, உங்கள் தங்கை, பெரியவள், சின்னவள், சின்னவளின் சீருடைக்கு அளவெடுக்க வந்த தையல்கார அக்கா. நான் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். உங்கள் தங்கை சொன்னால் கூட்டித்தான் சொல்லுவாள்.

மழைச் சத்தம் கேட்டது. அப்புறம் உங்கள் குரல், "அம்மாடி" என்று. கல்யாணமான நாளிலிருந்து என்னைக் கூப்பிடுகிற அதே இழுப்பு. நான் சோப்புக் கையோடு, "இதோ வந்துட்டேங்க" என்று ஓடி வந்தேன். வந்து பார்த்தால் நீங்கள் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறீர்கள்.

"அண்ணி, உங்களை இல்ல, அவளை!" என்று உங்கள் தங்கை சோபாவிலிருந்து சரிந்தே விட்டாள். தையல்கார அக்கா, "இருங்கடி, ஊசியை முழுங்கிடப் போறேன்" என்று வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்து வைத்துவிட்டுச் சிரித்தாள். அத்தை மட்டும் எனக்குப் பரிந்து, "ஓடின களைப்புல அம்மாடின்னு முனகியிருப்பான், அதுக்குப் போய் இப்படியா" என்றார். நானும் சிரித்தேன். தரையில் சொட்டிய நுரையைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

நீங்கள் வேலை செய்கிற லாயத்து முதலாளி அந்தப் பெண்குதிரைக்கு வைத்த பெயர் என் வாயில் நுழையவில்லை. சீமாட்டி என்றே வைத்துக்கொள்கிறேன். பாதை இறங்குகிற இடத்தில், ஈரச் சருகுக்கு அடியில் வேர் இருக்கும் என்று, நீங்கள் முதுகிலிருந்து இறங்கி அவளோடு சேற்றில் நடந்து வருகிறீர்கள். என்னோடு கடைத்தெருவுக்கு நடக்கச் சொன்னால், "பஸ்ல போயிட்டு வந்துடேன்" என்பவர். அவள் முதுகைத் துடைத்தீர்களே நீலத் துண்டு, அது நான் ஓரத்தில் பூத்தையல் போட்டு உங்கள் பெட்டியில் வைத்தது. உங்கள் தலையிலிருந்து தண்ணீர் வடிகிறது, துண்டு அவளுக்கு.

நூலகத்திலிருந்து குதிரைப் புத்தகம் ஒன்று எடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். உங்களுடையதுபோல நெடுந்தூரச் சவாரிப் போட்டியில் ஒவ்வொரு சுற்று முடிந்ததும் குதிரை டாக்டர் அவள் இதயத் துடிப்பைக் கேட்பாராம், ஈறைப் பார்ப்பாராம், தோலைக் கிள்ளுவாராம். கிள்ளிய தோல் உடனே படிந்தால் உடம்பில் நீர் குறையவில்லை என்று அர்த்தமாம். என் புறங்கையைக் கிள்ளிப் பார்த்தேன். உடனே படிந்தது. நானும் தேறிவிட்டேன், பார்க்கத்தான் ஆளில்லை.

காலைப் பிரார்த்தனையில், அடுத்த சோதனையில் அவள் தேறாமல் போகட்டும், இவர் வீட்டுக்கு வரட்டும் என்று கேட்க ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். அவள் கால் வழுக்கினால் விழுவது நீங்களல்லவா. அவளுடைய நான்கு கால்களுக்கும் சேர்த்தே வேண்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. கடவுளுக்கும் எனக்கும் நடுவில்கூட வந்து நின்றுவிட்டாள்.

என்னைக் கேலி செய்ய, சின்னவள் அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் போட்டாள். பிறகு நான் குதிரையைப் பார்க்கவில்லை, உங்களைத்தான் பார்த்தேன். டாக்டர் முன்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளை ஓடவிட்டுக் காட்டுகிறீர்கள். நொண்டுகிறாளா என்று அவர் அவள் கால்களையே பார்க்கிறார். அவள் நன்றாகத்தான் ஓடுகிறாள். பக்கத்தில் ஓடுகிற நீங்கள்தான் இடது காலைச் சரியாக ஊன்றவில்லை. திரும்புகிற இடத்தில் அந்தக் கால் மடங்குகிறது. அப்போதுதான் "அம்மாடி" வருகிறது. கழுத்தைக் கட்டிக்கொண்டீர்கள் என்று நினைத்தேனே, கீழே விழாமல் அவள்மேல் சாய்ந்து நிற்கிறீர்கள். வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்து வருகிற பெரிய சவாரிப் போட்டிக்கும் இருந்துவிட்டு வரட்டுமா, அண்ணியைக் கேட்டுச் சொல் என்று தங்கையிடம் போனில் சொன்னீர்களாம். இரண்டு நாள், விடாத மழை, முழுக்கக் காட்டுப் பாதை. "சரின்னு சொல்லிடவா அண்ணி?" என்றாள். நானே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அதற்கு முன் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். அன்று அவளைக் கூப்பிட்டீர்களா, வலியில் முனகினீர்களா? அவளைத்தான் என்றால் அப்படியே எழுதுங்கள். கோபப்படுவேன். ஒரு வாரம் உங்களோடு பேசமாட்டேன், அது உங்களுக்குத் தெரியவும் போவதில்லை. அப்புறம், போய் வாருங்கள் என்பேன். வலி என்றால் மறைக்காதீர்கள். சீமாட்டியை வேறு யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டு வாருங்கள். இன்று காலை, அவளைத்தான் கூப்பிட்டிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். நான் இப்படியும் வேண்டுவேன் என்று நினைத்ததில்லை.

கடவுள் உங்கள் இரண்டு கால்களையும் அவளுடைய நான்கையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
அந்தப் பெயருக்கு முதலில் உரியவள்

இதைக் கொண்டுவரும் தீவன லாரிக்காரர் அங்கே ஒரு நாள்தான் நிற்பாராம். பதிலை அவர் கையிலேயே கொடுத்தனுப்புங்கள்.