குழாயைத் திறந்துவிட்ட அக்காவுக்கு

அன்பும் மதிப்பும் மிகுந்த அக்காவுக்கு,

உங்கள் பக்கத்துப் பண்ணைச் சின்னக்கை எழுதுவது. இங்கே பன்றிகள் எல்லாம் சுகம். நாங்களும் சுகம். எப்படியும் நீங்கள் இந்த வரிசையில்தான் விசாரிப்பீர்கள் என்பதால் நானும் அப்படியே எழுதிவிட்டேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா? மகன் வீட்டில் லிஃப்ட் அடிக்கடி நின்றுவிடுகிறது என்று கேள்விப்பட்டேன். படி ஏறி இறங்கிக் காலைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

போன் செய்தால் எடுப்பதில்லை என்று ஒரு முடிவோடு இருக்கிறீர்கள். சரி, கடிதத்தை என்ன செய்வீர்கள் என்று பார்க்கிறேன். கிழித்துப் போடக்கூடப் பிரித்துத்தானே ஆகவேண்டும்! போன வாரம் உங்கள் மகனைப் பிடித்துப் பேசினேன். "அம்மா தீனி போடற நேரத்துக்கு டாண்ணு எழுந்து உக்காந்துடறாங்க. அப்புறம் எங்க போறதுன்னு தெரியாம பால்கனியில போய் நிக்கறாங்க" என்றார். கேட்கவே எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. அதோடு விட்டாரா? கொட்டகையைச் சிமெண்டுக் கிடங்காக்க ஒருவர் விலைக்குக் கேட்கிறார், அம்மாவும் சரி என்று தலையாட்டிவிட்டார், மாதக் கடைசியில் கையெழுத்து என்றும் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு, "இத்தனை பண்ணை இருக்கற தெருவுல அந்தச் சீக்கு என் வீட்டுக்குத்தானே வந்தது, எந்த முகத்தை வச்சுக்கிட்டு அங்க போவேன்" என்று நீங்கள் சொன்னீர்களாம்.

அதைக் கேட்டதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அக்கா, கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, நீங்கள் நடந்த கதையில் பாதியைத்தான் பார்த்தீர்கள். மீதிப் பாதி உங்கள் கேட்டுக்கு வெளியே நடந்தது. அதை யாராவது உங்களுக்குச் சொல்லவேண்டாமா?

அன்று மதியம் தீவன வண்டிக்காரர் எங்கள் வீட்டில் மூட்டை இறக்கும்போது, "பக்கத்துப் பண்ணை அக்கா மூட்டையை ரோட்டோரமே போடச் சொல்லிட்டாங்க, தாய்ப் பன்றி ஒண்ணு எழுந்திருக்கலையாம்" என்றார். குட்டி குறுக்கே மாட்டிக்கொண்டிருக்கும் என்று நானாகவே முடிவு கட்டிவிட்டேன். நம் தெருவில் யார் வீட்டில் குட்டி மாட்டினாலும் என் கைதானே உள்ளே போகும்? என் பெற்றோர் வைத்த பெயர் மறந்து எல்லாரும் சின்னக்கை என்று கூப்பிடுவதே அதற்காகத்தானே? கூப்பிடக்கூட வேண்டாம், காதில் விழுந்தால் போதும், கையுறையையும் எண்ணெய்ப் பாட்டிலையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவேன். அன்றும் அப்படித்தான் வந்தேன். உங்கள் சின்னக் கேட்டின் தாழ்ப்பாளில் கை வைத்தேன். உள்ளே கொட்டகைக்கு எதிரே, கையில் குழாயோடு நீங்கள்.

"வராதேடி" என்றீர்கள். நான் சிரித்துக்கொண்டே தாழ்ப்பாளைத் தூக்கினேன். அவ்வளவுதான். தலையிலிருந்து கால்வரை தண்ணீர். பையில் தண்ணீர், மூக்கில் தண்ணீர், வாயைத் திறந்து என்னக்கா என்று கேட்கப் போனால் வாயிலும் தண்ணீர். "போடி, போய் சோப்புப் போட்டுக் குளி, அந்தச் செருப்பை இங்கயே விட்டுட்டுப் போ" என்று கத்தினீர்கள். காரணம் ஒரு வார்த்தை கிடையாது. வெறுங்காலோடு, ஸ்கூட்டர் சீட்டில் தண்ணீர் சொட்டச் சொட்ட, தெரு பார்க்க வீடு வந்து சேர்ந்தேன். என் மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். "உதவிக்குப் போன பொண்ணை மாட்டைக் கழுவற மாதிரி கழுவி அனுப்பியிருக்கா, இனி அவ வாசப்படியை நான் மிதிச்சா என்னை என்னன்னு கேளு" என்று ஒரே ஆட்டம். அவர் வாய் உங்களுக்குத் தெரியாததா?

தலை துவட்டிக்கூட முடியவில்லை, டிரைவர் அண்ணன் வீட்டிலிருந்து போன் வந்துவிட்டது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், பன்றி விஷயத்தில் மட்டும் பிரேக் பிடிக்கத் தெரியாதவர். அவருடைய தாய்ப் பன்றிக்கு உண்மையாகவே குட்டி மாட்டியிருந்தது. நீங்கள் சொன்னபடி சோப்புப் போட்டுக் குளித்திருந்தேன். சுத்தம் பார்த்து அல்ல, அவமானம் போகட்டும் என்று. ஈரத் தலையோடு ஓடி, குறுக்கே கிடந்ததைத் திருப்பி எடுத்துவிட்டேன். அதன் பின்னால் வரிசையாக மற்றக் குட்டிகள் வழுக்கிக்கொண்டு வந்தன. பெரும்பாலும் பெண் குட்டிகள். அண்ணன் அழுதேவிட்டார்.

இப்போது சொல்லுங்கள் அக்கா. உங்கள் கேட்டைத் தாண்டி, அந்தப் பன்றியைத் தொட்டு, அந்தக் கையோடும் அந்தக் காலோடும் நான் நேராக அண்ணன் கொட்டகைக்குப் போயிருந்தால்? அங்கிருந்து என் வீட்டுக்கு? மறுநாள் தெருக்கோடி வீட்டுக்கு?

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்று பெயர் தெரிந்த பிறகு, வெள்ளை உடுப்பு போட்டுக்கொண்டு அரசாங்க டாக்டரம்மா தெருவுக்கு வந்தார். மனிதர்களுக்கு இது ஒட்டாது, பன்றிக்கு வந்தால் மருந்து கிடையாது, செத்த பன்றியின் இறைச்சியிலும் செருப்பு மண்ணிலும்கூட அந்தக் கிருமி உயிரோடு இருக்கும் என்று சொல்லிவிட்டு, எங்களை எட்ட எட்ட நிற்கவைத்து ஒரே கேள்விதான் கேட்டார். இந்தப் பண்ணைக்குள் யாரெல்லாம் போனீர்கள்? போனவர்கள் பண்ணையில் உள்ள பன்றிகளையும் அழிக்கவேண்டி வரும். ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள், அக்கா. டிரைவர் அண்ணன் சினைக்கு ஆண் பன்றி கேட்டு வந்தாராம், நீங்கள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே விரட்டினீர்களாம். தெருக்கோடி வீட்டுக்காரர் அனுதாபம் சொல்ல வந்தாராம், அவருக்கு வசவு. இருப்பதையெல்லாம் ஒரே லோடில் ஏற்றிக்கொள்கிறேன், வெளியே தெரியாது என்று வியாபாரி ஒருவர் லாரியோடு வந்தாராம், அவருக்கும் குழாய்! லாரிக் கண்ணாடியைக் கழுவிவிட்டதுதான் மிச்சம் என்று அவரே டீக்கடையில் சொல்லித் திரிந்தார். கடைசியாக என் முறை வந்தது. "நான் போகலை டாக்டரம்மா, போகப் பார்த்தேன், முழுசா நனைஞ்சு திரும்பிட்டேன்" என்றேன். அந்த அம்மா பேனாவை நிறுத்திவிட்டு உங்கள் கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று காலையிலேயே காது சிவந்து கிடந்த பன்றியைப் பார்த்துவிட்டு அவருக்குப் போன் செய்தது நீங்கள்தான் என்று அவர் சொல்லித்தான் தெரியும். சீக்கின் பெயர் வெளியே கசிந்தால் பயத்தில் ஆளாளுக்குப் பன்றியை ஏற்றி நாலா பக்கமும் அனுப்பிவிடுவார்கள், அதுவே சீக்கைச் சுமந்துபோகும் என்பதால்தான் வாயைத் திறக்கவில்லையாம். எங்கள் திட்டையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டு எப்படி அக்கா சும்மா இருந்தீர்கள்? லாரியில் ஏற்றிவிட்டிருந்தால் உங்களுக்கு நஷ்டம் பாதியாகப் போயிருக்கும். ஊர் ஊராகப் பரவியும் இருக்கும். அந்தக் கணக்கை நீங்கள் போடவே இல்லை.

உங்கள் பன்றிகளை அழித்த அன்று கயிறு கட்டியிருந்த இடத்தில் நாங்கள் எல்லாரும் நின்றோம். நீங்கள் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. எல்லாம் முடிந்து, குளித்து, ஈரத் தலையோடு வெளியே வந்து தனியாக நின்றீர்கள். கயிற்றைத் தாண்டக்கூடாது என்று உத்தரவு. எத்தனையோ கொட்டகைக்குள் போன இந்தக் கை அன்றைக்கு உங்கள் கையைப் பிடிக்க முடியவில்லை. அந்த வலி எனக்கு இன்னும் தீரவில்லை, அக்கா. மறுநாள் நான் எழுவதற்குள் மகன் காரில் ஏறிப் போய்விட்டீர்கள்.

இனி நல்ல செய்திகள். தெருவே மாறிவிட்டது. எந்த இறைச்சி கலந்திருக்குமோ என்று ஓட்டல் மிச்சத்தை யாரும் பன்றிக்குப் போடுவதில்லை. பன்றி ஏற்றும் வண்டி ரோட்டோடு நின்றுவிடும், பன்றிதான் நடந்து வரவேண்டும். ஒவ்வொரு பண்ணை வாசலிலும் கிருமிநாசினித் தொட்டி, பக்கத்திலேயே குளிக்க ஒரு மறைப்பு. எல்லாரும் என் அளவுக்கு ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் வாங்கி ஆணியில் மாட்டியிருக்கிறார்கள். ஒரு வீட்டுக்குப் போனால் அன்றைக்கு இன்னொரு வீட்டுக்குப் போகமாட்டேன். அவசரம் என்றால் போனில் நான் சொல்லச் சொல்ல அந்த வீட்டுப் பெண்களே கையை விட்டு எடுக்கிறார்கள். எடுத்து முடிக்கும்வரை என்னைத் திட்டுகிறார்கள், எடுத்த பிறகு கொஞ்சுகிறார்கள்.

டாக்டரம்மா போட்ட கூட்டத்தில் நாட்டின் வரைபடத்தைத் திரையில் காட்டினார். சீக்கு வந்த இடமெல்லாம் சிவப்புப் புள்ளி. சில இடங்களில் அம்மை போட்ட முகம் மாதிரி நெருக்கி வைத்திருந்தது. நம் பக்கத்தில் ஒரே ஒரு புள்ளி. நாடு முழுக்கப் பண்ணைக்காரர்களுக்கு வகுப்பு எடுக்கும்போது இந்தப் புள்ளியைத்தான் காட்டுகிறார்களாம், முதல் பண்ணையோடு நின்றுபோன இடம் என்று. பின்வரிசையிலிருந்து என் மாமியார் எழுந்தார். எனக்குத் திக்கென்றது. "டாக்டரம்மா, அந்தப் புள்ளி எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணு. அவ மட்டும் கதவைத் திறந்திருந்தா இங்க எவனும் உக்காந்திருக்க மாட்டான்" என்றார். எல்லாரும் எழுந்து கை தட்டினார்கள். காலி நாற்காலிக்குக் கை தட்டிய மாதிரி இருந்தது. நீங்கள் அங்கே இல்லாதது அப்போது அவ்வளவு உறுத்தியது.

ஒரு விஷயத்தை உங்கள் மகன் உங்களிடமிருந்து மறைத்திருக்கிறார். கோபப்படாதீர்கள், அவரிடம் சாவி வாங்கியது நான்தான். கொட்டகையைத் தேய்த்து, கிருமிநாசினி அடித்து, சுண்ணாம்பு பூசி, டாக்டரம்மா சொன்ன காலம் வரை காலியாகப் போட்டு வைத்தோம். பிறகு கிருமி மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கச் சில குட்டிகளைச் சோதனைக்கு விட்டோம். அவை செத்துப்போனால் உங்களால் இரண்டாவது தடவை தாங்கமுடியாது என்றுதான் மகன் வாயை மூடிக்கொண்டார். அவற்றைப் பார்த்துக்கொள்ளும் ஆள் வேறு பண்ணைக்குள் கால் வைக்கக்கூடாது. யார் போனது தெரியுமா? உங்கள் வாசப்படியை மிதிக்கமாட்டேன் என்று ஆடினாரே, அவரேதான்! உங்கள் முன்னறையில் பாயைப் போட்டுக்கொண்டு அங்கேயே குடியிருக்கிறார். தன் சொந்தத் தம்பியையே ரோட்டில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, டீ கொடுத்து அனுப்பிவிட்டார். எங்கள் வீட்டில் கொஞ்சம் அமைதி நிலவுகிறது என்று எழுதினால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

குட்டிகள் எல்லாம் தேறிவிட்டன, அக்கா. ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், சுத்தம். பண்ணையை மறுபடி தொடங்கலாம் என்று அனுமதி வந்துவிட்டது.

ஆளுக்கு ஒரு பெண் பன்றி உங்களுக்குக் கொடுப்பதாகத்தான் தெருவில் பேச்சு. டாக்டரம்மா முகம் சுளித்தார். பல வீட்டுப் பன்றியைக் கலக்காதீர்கள், ஒரே பண்ணையிலிருந்து எடுங்கள் என்றார். யார் பண்ணை என்று பெரிய சண்டை. கடைசியில் டிரைவர் அண்ணன் ஜெயித்தார். அன்று நான் ஈரத் தலையோடு எடுத்தேனே, அந்த ஈற்றுப் பெண் குட்டிகள் வளர்ந்து தயாராக நிற்கின்றன. அவற்றில் ஒன்றைக்கூட அவர் விற்கவில்லை. "இதுங்க அந்த அம்மா காப்பாத்தினது, எனக்கு இதுல பாத்தியதை இல்லை" என்கிறார். தோற்றுப்போன மற்றவர்கள் தீவனம் எங்கள் பொறுப்பு என்று முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

அதனால், அக்கா, கெஞ்சிக் கேட்கிறேன், அந்தக் கையெழுத்தைப் போடாதீர்கள். எந்த முகத்தோடு வருவது என்று கேட்டீர்களாமே. அன்று என்னைத் திட்டினீர்களே, அந்த முகத்தோடு வாருங்கள். அந்த முகத்தைப் பார்க்கத்தான் நாங்கள் எல்லாரும் காத்துக்கொண்டிருக்கிறோம். உங்களுக்கு நீண்ட ஆயுளும், முழங்காலுக்கு நல்ல பலமும் கிடைக்கட்டும்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வந்த வேகத்தில் கொட்டகைக்குள் ஓடிவிடமுடியாது. செருப்பை வெளியே விடவேண்டும், சோப்புப் போட்டுக் குளிக்கவேண்டும், உங்கள் சட்டம்தான். மறந்து தாழ்ப்பாளில் கை வைத்தீர்களோ, பார்த்துக்கொள்ளுங்கள். கேட்டுக்கு அந்தப் பக்கம் நான் நிற்பேன். இந்தத் தடவை குழாய் என் கையில் இருக்கும்.

என்றும் உங்களால் நனைந்த,
சின்னக்கை