கம்பளம் அடிவரை காய்ந்ததா?

செப்டம்பர் 8, திங்கள்

பள்ளி விட்டதும் நூலகத்துக்கு ஓடினேன். படிக்க அல்ல, அம்மாவைப் பார்க்க. கம்பளம் சுத்தம் செய்யும் கம்பெனி வேலையை விட்டு, பழைய இயந்திரம் ஒன்றை வாங்கிய பிறகு அம்மாவுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை இது. சிறுவர் வாசிப்பறையின் பச்சைக் கம்பளம். எழுத்துக் கூட்டிப் படித்த காலத்திலிருந்து நான் உட்கார்ந்து தேய்த்த கம்பளம். அதன் அழுக்கில் என் பங்கும் கொஞ்சம் இருக்கும்.

இயந்திரத்துக்கு, அதை வண்டியில் ஏற்றி வரும் மாமா 'யானை' என்று பெயர் வைத்திருக்கிறார். துதிக்கை மாதிரிக் குழாய். தண்ணீரைப் பீய்ச்சும், உடனே உறிஞ்சியும் கொள்ளும். உறிஞ்சிய தண்ணீர் பின்னால் உள்ள தொட்டிக்குப் போகும். முதலில் கறுப்புக் காப்பி நிறம். அப்புறம் டீ. சோப்பு போக வெறும் தண்ணீரில் அலசி அலசி, கடைசியில் தொட்டியின் அடி தெரிந்தது.

கம்பளம் பளிச்சென்று இருப்பதாகச் சொன்னேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "கம்பளத்தப் பாத்துச் சொல்லாத. ஈரத்துல எல்லாமே அழகாத்தான் இருக்கும். தொட்டியப் பாத்துச் சொல்லு."

ஜன்னல்களைத் திறந்து, மின்விசிறிகளைச் சுழலவிட்டு வந்தோம். நாளைக்குள் காய்ந்துவிடுமாம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

மழை இல்லை. நல்ல காற்று. காய்ந்திருக்கும்.

செப்டம்பர் 10, புதன்

காயவில்லை.

காலையில் நூலகர் மேடம் போன் செய்தார். கதவைத் திறந்தால் ஈரத் துணியை மூட்டை கட்டி வைத்த நாற்றமாம். அம்மா உடனே போய், வெள்ளைத் துணியைக் கம்பளத்தின் மேல் விரித்து, குதிகாலை ஊன்றி நின்று பார்த்திருக்கிறாள். அதுதான் அவள் பரிசோதனை. கையால் தொட்டால் மேல் நூல் மட்டும்தான் பேசும். ஆள் எடை விழுந்தால்தான் அடியில் இருக்கும் ஈரம் துணிக்கு ஏறும். ஏறியிருக்கிறது.

"தண்ணி ஜாஸ்தி விட்டுட்டேன் போல" என்று மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "இத்தன வருஷம் செஞ்ச வேல. கை தப்பிடுச்சு."

"யானைக்கு வயசாயிடுச்சுக்கா, உன் கைக்கு ஒண்ணுமில்ல."

அம்மா சிரிக்கவில்லை.

சனிக்கிழமை அறையைத் திறந்தாக வேண்டும். அதற்குள் நாற்றம் போகாவிட்டால் மேடம் வேறு ஆளைக் கூப்பிடுவார். வேறு ஆள் என்றால் அம்மாவின் பழைய கம்பெனிதான், இந்தப் பக்கத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? "வந்தா அப்படியே அவங்ககிட்ட வேலையும் கேட்டுட வேண்டியதுதான்" என்றாள் அம்மா. விளையாட்டுக்குச் சொன்ன குரல் இல்லை அது.

வேண்டாம். அந்தக் கம்பெனியில் இருந்தபோது நான் எழுவதற்கு முன்னால் போய்விடுவாள். ஞாயிற்றுக்கிழமையும் போவாள். நான் சத்தம் போட்டுப் படித்த கதைகளைச் சுவர்தான் கேட்டது. திரும்ப அப்படியா? முடியாது போ.

செப்டம்பர் 11, வியாழன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். முதலிலிருந்து.

சாயங்காலம் அம்மா கம்பளத்தை மறுபடி அலசினாள். தண்ணீர் கொஞ்சம்தான். உறிஞ்சுவதோ ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப, யானை விக்கல் எடுக்கும்வரை. பிறகு மூலையில் கம்பளத்தைப் பெயர்த்து, அடித்துணியில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். நான் முழங்கால் போட்டுப் பார்த்தேன். சீருடையில் லேசான ஈர வட்டம்.

"இது சரியான ஈரம்" என்றாள் அம்மா. "காத்து போதும், காஞ்சிடும். இதுவும் காயலேன்னா, எனக்கு இந்த வேல தெரியலேன்னு அர்த்தம்."

ஜன்னல், மின்விசிறி எல்லாம் பார்த்துவிட்டுக் கிளம்பினோம். கடைத்தெருவைத் தாண்டும்போது என் பை நினைவுக்கு வந்தது. வாசிப்பறை வராந்தாவிலேயே விட்டிருந்தேன். "தலைய விட்டுட்டு வராம இருந்தியே" என்று மாமா வண்டியைத் திருப்பினார்.

வராந்தாவிலிருந்து கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். மின்விசிறிகள் நின்றிருந்தன. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. நூலக வாட்ச்மேன் குனிந்து, பெரிய பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றைக் கம்பளத்தின் மேல் சுருக்கமில்லாமல் நீவி விரித்துக்கொண்டிருந்தார். தூங்கும் குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரி.

"இது எதுக்கு?" என்று கதவைத் தள்ளிக்கொண்டே கேட்டேன். குரல் கீச்சென்று வந்தது.

"தூசி விழக்கூடாதுல்ல பாப்பா. உங்கம்மா எவ்ளோ கஷ்டப்பட்டுத் தேய்ச்சாங்க. அன்னிக்கும் இப்படித்தான் போட்டு வச்சேன். காலைல மேடம் வர்றதுக்குள்ள மடிச்சு வச்சுட்டு, ஜன்னலையும் திறந்துடுவேன்."

"ஃபேன்?"

"ஆளில்லாத ரூம்ல ஃபேன் எதுக்கு? மறந்துட்டுப் போயிட்டீங்களேன்னு நாந்தான் அணைச்சேன்."

விரிப்பின் ஓரத்தைத் தூக்கினேன். அடிப்பக்கம் முழுக்கப் பொடிப்பொடியாக நீர்த்துளிகள். கொதிக்கும் பாத்திரத்தின் மூடி போல. அவரும் பார்த்தார். அவர் முகம் விழுந்த விதத்தில் எனக்குக் கோபப்படக்கூட வரவில்லை.

அம்மாவைக் கூட்டி வந்தேன். அம்மா துளிகளைப் பார்த்தாள், அணைந்த மின்விசிறியைப் பார்த்தாள். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்தவே முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"அப்ப என் கை தப்பல" என்றாள் மாமாவிடம்.

"நான் அன்னிக்கே சொன்னேன்."

"நீ யானையச் சொன்னே."

வாட்ச்மேன் விரிப்பைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். "மேடம் என்னை வேலைய விட்டே தூக்கிடுவாங்கம்மா."

"அண்ணே, நீங்க என் வேலையக் காப்பாத்தணும்னுதானே செஞ்சீங்க. சாவி உங்ககிட்ட இருக்கு, உங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லாம நான் பாட்டுக்குப் போயிட்டேன். மேடம்கிட்ட அதைத்தான் சொல்லப்போறேன்." பிறகு ஒவ்வொரு ஜன்னலாக அவரையே திறக்கச் சொன்னாள். மின்விசிறிப் பொத்தான்களையும் அவரேதான் போட்டார்.

இனிமேல் எந்த இடத்திலும், சாவி வைத்திருப்பவரிடம் பேசாமல் யானையை வண்டியில் ஏற்றுவதில்லையாம். மாமா தலையாட்டினார்.

செப்டம்பர் 12, வெள்ளி

பள்ளிக்கு முன் அம்மாவுடன் போனேன். வாட்ச்மேன் கண்கள் சிவக்க வாசலில் நின்றார். மின்விசிறிகளுக்குக் காவல் இருந்தாராம், அவை எங்கேயோ ஓடிவிடும்போல.

வெள்ளைத் துணி. குதிகால். அம்மா நின்றாள், அப்புறம் மாமாவையும் நிற்கச் சொன்னாள், அவர்தான் கனம். துணியை எடுத்து என் கன்னத்தில் வைத்தாள். ஒன்றுமில்லை. வெறும் துணி.

மேடம் அம்மா சொன்னதை முழுக்கக் கேட்டார். வாட்ச்மேனை ஒரு பார்வை பார்த்தார், திட்டவில்லை. பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு மண்டியிட்டு, மூக்கு கம்பளத்தில் படும் அளவு குனிந்து மோந்து பார்த்தார். எங்கள் நூலகமே பயப்படும் மேடம்!

"எந்த வாசனையும் இல்லையே" என்றார், ஏதோ குறைகிற மாதிரி.

"அதுதாங்க மேடம் சுத்தம்" என்றாள் அம்மா.

மாடிக் கூடத்திலும் ஒரு கம்பளம் இருக்கிறதாம். அடுத்த வாரம் வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

செப்டம்பர் 13, சனி

வாசிப்பறை திறந்தது. சின்னப் பிள்ளைகள் உருண்டார்கள். நான் என் மூலையில் சாய்ந்து, பாதியில் நின்ற தீவுக் கதையை எடுத்தேன். புயல் வந்தது, படகு உடைந்தது, மணி அடித்ததும் தெரியவில்லை. வாட்ச்மேன் வந்து தோளைத் தட்டினார்.

வீட்டில் அம்மா அடுப்படியில் நின்றபடி கேட்டாள். "எப்படி இருந்துச்சு? ஈரம் எங்கயாவது தட்டுப்பட்டுச்சா?"

அப்போதுதான் உறைத்தது. உட்காரும் முன் கையை வைத்துப் பார்க்க வேண்டும் என்று காலையில் அத்தனை தடவை நினைத்துக்கொண்டு போனேன்.

"பாக்கவே மறந்துட்டேம்மா."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்ப காஞ்சிடுச்சு" என்றாள். "சரி, அந்தப் படகு என்னாச்சு? உக்காந்து சொல்லு."